ஏப்ரல் விடுமுறையில் எவரெஸ்ட் அடிவார முகாம்: இந்தத் திட்டத்தைச் சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்

கடலோரன்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். வரும் ஏப்ரல் புத்தாண்டை ஒட்டி நானும் என் மைத்துனரும் அலுவலக நண்பர் ஒருவரும் 59 வயதான என் தகப்பனாரும் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய்வர எண்ணியுள்ளோம். சனிக்கிழமை புறப்பட்டு மூன்றாவது ஞாயிறு திரும்பினால் 16 நாட்கள் கிடைக்கின்றன. புத்தாண்டுக்கான இரண்டு நாட்களும் வார நாட்களில் விழுவதால் எட்டு நாள் லீவுடன் காரியம் முடிந்துவிடும்.

எங்கள் கணக்கு இதுதான். முதல் நாள் கட்டுநாயக்கவிலிருந்து காத்மண்டு, இரண்டாம் நாள் அங்கே சாமான் வாங்குதல், மூன்றாம் நாள் விமானத்தில் லுக்லா இறங்கி ஃபாக்டிங் வரை நடை, நான்காம் நாள் நாம்சே, ஐந்தாம் நாள் தெங்போச்சே, ஆறாம் நாள் டிங்போச்சே, ஏழாம் நாள் லொபுச்சே, எட்டாம் நாள் கோரக் ஷெப்பில் பைகளை வைத்துவிட்டு அடிவார முகாம். ஒன்பதாம் நாள் அதிகாலை காலா பத்தர் ஏறிப் பார்த்து, அன்றே பெரிச்சே வரை இறக்கம். பன்னிரண்டாம் நாள் காத்மண்டு திரும்பிவிடுவோம். அதன்பின் இரண்டு நாட்கள் பொக்காரா, ஒரு நாள் கடை வீதி, பதினாறாம் நாள் கொழும்பு.

அப்பா பிரசருக்கு மாத்திரை எடுப்பவர். ஆனால் தினமும் விடியற்காலையில் மரைன் டிரைவில் ஐந்து கிலோமீற்றர் நடக்கிறார், சென்ற பருவத்திலும் சிவனொளிபாதமலை ஏறினார். மைத்துனர் மரதன் ஓடுபவர். திட்டத்தில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

அட்டன்காரன்:

தம்பி, கேட்டதால் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் நடக்கும் நாட்களெல்லாம் இருக்கின்றன, நடக்காமல் இருக்க வேண்டிய நாட்கள்தான் இல்லை.

சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். நீங்கள் விமானத்திலிருந்து கால் வைக்கும் லுக்லாவோ ஏறக்குறைய 2,850 மீற்றர். ஆகவே, அப்பா நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துச் சொச்சம் படிகளை ஏறினார் என்பது அவருடைய முழங்காலைப் பற்றி நல்ல செய்தி. காற்று மெலிந்த இடத்தில் அவருடைய உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய மலை இலங்கையில் எதுவும் இல்லை. நானும் மலையகத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். அந்தப் பெருமையுடன் போய் நாம்சேயில் முதல் இரவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது படுக்கும் இடங்களின் உயரத்தைப் பாருங்கள். ஃபாக்டிங் 2,610, நாம்சே 3,440, தெங்போச்சே 3,867, டிங்போச்சே 4,410, லொபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164. மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது என்னவென்றால், 3,000 மீற்றருக்கு மேலே போனபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையில் உறங்கும் உயரம் 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பாதகமில்லை, தலை சாய்க்கும் உயரம்தான் கணக்கு. நீங்கள் நாம்சேயிலிருந்து நான்கே நாட்களில் 1,724 மீற்றர் ஏறுகிறீர்கள், இடையில் ஒரு நாள்கூட நிற்காமல்.

ஆனால் பொக்காராவில் படகு ஓட்ட இரண்டு நாட்கள் வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டையும் எடுத்து ஒன்றை நாம்சேக்கும் மற்றதை டிங்போச்சேக்கும் கொடுங்கள். அப்படிச் செய்தால் பதினான்காம் நாள் காத்மண்டு வந்துசேரலாம், பதினைந்தாம் நாள் கையில் மிஞ்சும். அந்த ஒரு நாள் போதுமா என்பது வேறு கதை.

கடலோரன்:

நன்றி அண்ணா. பொக்காராவை விட்டுவிடுவதில் எனக்கு வருத்தமில்லை. மைத்துனர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கையர் இருவர் எவரெஸ்ட் உச்சியையே தொட்டுவிட்டார்கள், அடிவாரத்துக்குப் போக இவ்வளவு பயமா என்கிறார். உடல் வலுவுள்ளவர்களுக்கு ஓய்வு நாள் வீண் என்பது அவருடைய எண்ணம்.

நாற்பத்திரண்டு கிலோமீற்றர்:

உங்கள் மைத்துனருக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். நானும் கொழும்பில் மரதன் ஓடுபவன். எங்கள் குழுவில் மிக வேகமாக நடந்தவன் நான், முதலில் கீழே அனுப்பப்பட்டவனும் நானே. தெங்போச்சேயில் மற்றவர்களை விட ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, வெயிலில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி அவர்களைக் கேலி செய்தேன். மறுநாள் மாலை டிங்போச்சேயில் தலைவலி தொடங்கியது. பரசிற்றமோல் போட்டேன், வழிகாட்டியிடம் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டைப் பார்க்கவே முடியவில்லை. அதையும் சொல்லவில்லை, ஏனென்றால் நான்தான் மரதன் ஓடுபவன். லொபுச்சேக்குப் போன அன்று கழிவறைக்கு நடந்தபோது இரண்டு முறை சுவரில் மோதினேன். பின்னால் வந்த எங்கள் சுமை தூக்கும் பையன்தான் அதைக் கவனித்துச் சொன்னான். அந்த இரவிலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பெரிச்சேக்கு இறக்கினார்கள். எங்கள் பயண முகவர் தந்த திட்டத்திலும் டிங்போச்சேயில் ஓய்வு நாள் இருக்கவில்லை. விலையைக் குறைப்பதற்காக அதை எடுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. திட்டத்தைப் படித்துப் பாராமல் பணம் கட்டியது என் பிழை.

அந்த இரண்டு இலங்கையரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21 அன்று உச்சியை அடைந்தார். அவருடன் புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் அம்முறை 8,400 மீற்றர் வரை சென்று திரும்பிவிட்டார், 2018இல் மறுபடி போய்த்தான் உச்சியைத் தொட்டார். இன்னும் நானூற்றைம்பது மீற்றர்கூட இல்லாத இடத்தில் திரும்பத் தெரிந்த மனிதரை உதாரணம் காட்டிவிட்டு ஓய்வு நாள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மாத்திரைப்பெட்டி:

நான் வைத்தியர், கொழும்பில் வேலை. இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே. தகப்பனாருக்கான முடிவை அவரை வழக்கமாகப் பார்க்கும் வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துகிறேன். உயரத்தில் காற்றிலுள்ள ஒட்சிசனின் பங்கு குறைவதில்லை, அங்கும் அது 21 சதவீதம்தான். குறைவது அமுக்கம். அடிவார முகாமின் 5,364 மீற்றரில் காற்றமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் பாதியளவுதான், ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியளவே. உடல் இதற்கு முதலில் செய்வது வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது, அதை உணரும் மூளை மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. சிறுநீரகங்கள் அந்தக் காரத்தை வெளியேற்றிச் சமநிலைக்குக் கொண்டுவரச் சில நாட்கள் பிடிக்கும். ஓய்வு நாள் என்று நீங்கள் சொல்வது உண்மையில் சிறுநீரகத்தின் வேலை நாள். மரதன் ஓடுபவரின் சிறுநீரகம் மற்றவர்களுடையதை விட வேகமாக இந்த வேலையைச் செய்யாது. டயமொக்ஸ் என்று கடையில் கேட்கும் அசெற்றசோலமைட் மாத்திரை அந்த வேலையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். நோய்க்குறியை மூடி மறைக்கும் மருந்து அதுவல்ல.

முற்காப்பாக எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏற்றம் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனிகள் கூசும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா சப்பென்று இருக்கும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மலையில் முதல் மாத்திரையை விழுங்கி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்காமல், கொழும்பில் இருக்கும்போதே ஓரிரு நாள் எடுத்துப் பாருங்கள். தகப்பனாரின் பிரசர் மாத்திரைகளில் சிறுநீரைக் கூட்டும் வகை ஏதும் இருந்தால், அதையும் டயமொக்ஸையும் சேர்த்து எடுப்பது பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள பிரசர் மட்டும் காரணமாக ஒருவரை மலைக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு நெஞ்சுவலி, களைப்பு ஏதும் உண்டா என்று இங்கேயே பரிசோதித்து அறிந்துகொள்வது நல்லது.

அடையாளங்களை நால்வரும் மனப்பாடம் செய்யுங்கள். புதிய உயரத்தில் தலைவலியோடு வாந்தி உணர்வு, பசியின்மை, மிகுந்த சோர்வு, தலைச்சுற்று ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதை மலை நோய் என்றே எடுங்கள். அன்று மேலே ஏறக்கூடாது, மறுநாளும் குறையாவிட்டால் இறங்க வேண்டும். ஒரு பாதத்தின் குதியை மறு பாதத்தின் விரலோடு தொட்டு நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தடுமாறினால், அது மூளையில் நீர் கோர்ப்பதன் அறிகுறி. மேலே நண்பர் சுவரில் மோதியது அதற்கு மிக அருகில் போன நிலை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டும். இந்த இரண்டுக்கும் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. இரவில் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மட்டும் அங்கே எல்லோருக்கும் நடப்பது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு வைத்தியசாலை உண்டு. 1973இல் தொடங்கிய சங்கம் அது. பருவ காலத்தில் பிற்பகல்களில் அங்கே மலை நோய் பற்றி வைத்தியர்கள் விளக்கம் சொல்வார்கள். போகும் வழியில் அதற்காக நேரம் ஒதுக்குங்கள்.

முக்திநாதம்:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். பொக்காரா போகாவிட்டால் முக்திநாத்தும் இல்லையா? நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அது. அத்தனை தூரம் போய்விட்டுத் தரிசிக்காமல் வருவது மனதுக்குச் சரியாகப் படவில்லை. தகப்பனாரை ஜீப்பில் அங்கே கூட்டிப் போகலாமே, நடையும் மிச்சம்.

அட்டன்காரன்:

அக்கா, ஜீப்தான் அங்கே சிக்கல். பொக்காரா ஏறக்குறைய 820 மீற்றர், முக்திநாத் 3,700க்கு மேல். ஒரே நாளில் வண்டியில் ஏறிப் போகும் முதியவர்கள் பலர் கோயில் படியிலேயே மயங்கி உட்கார்வதை நான் கண்டிருக்கிறேன். இடையில் ஜொம்சோமில் ஓர் இரவாவது தங்கிப் போனால் எவ்வளவோ மேல். இன்னொன்று, அங்கிருந்து தோரோங் லா கணவாயைத் தாண்டி மனாங் பக்கம் இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணவாய் 5,416 மீற்றர், முக்திநாத்திலிருந்து ஒரே நாளில் 1,700 மீற்றர் ஏற வேண்டும். மனாங்கிலிருந்து இந்தப் பக்கம் வருவதே முறை.

கடலோரன்:

முக்திநாத்தை அம்மாவுக்காக வேறொரு வருடத்துக்கு எடுத்து வைக்கிறேன். மைத்துனர் மரதன் நண்பரின் பதிவை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு நாம்சே, டிங்போச்சே ஓய்வுடன் திருத்திய கணக்கில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. அது போதுமா?

புறக்கோட்டை:

போதாது என்பது என் அபிப்பிராயம். லுக்லா ஓடுபாதை வெறும் 527 மீற்றர் நீளம், மலைச்சரிவில் சாய்வாகக் கிடப்பது. முகில் இறங்கினால் விமானம் பறக்காது. அதுவும் பருவ காலங்களில் காத்மண்டு விமானநிலைய நெரிசலைக் குறைப்பதற்காக லுக்லா விமானங்களில் பெரும்பாலானவை ராமேச்சாப் மாவட்டத்திலுள்ள மந்தலியிலிருந்துதான் புறப்படுகின்றன. அங்கே போக நள்ளிரவு கடந்து காத்மண்டுவில் வண்டி ஏறி நான்கைந்து மணித்தியாலம் போக வேண்டும். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் முகில் பிடித்தால் திங்கட்கிழமை நீங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டீர்கள். தாமதம் லீவைத் தின்பதோடு நிற்பதில்லை. போகும்போது இழந்த நாளை ஈடுசெய்ய எல்லோரும் வெட்டுவது டிங்போச்சே ஓய்வு நாளைத்தான்.

ஆகவே நான் கேட்பது, எவரெஸ்ட் என்ற பெயர் வேண்டுமா, இமயமலையில் நடப்பது வேண்டுமா? பின்னதென்றால் லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள். விமானம் வேண்டாம், காத்மண்டுவிலிருந்து சியாப்ருபேசிக்கு ஒரு பகல் பேருந்து. 16 நாட்களில் மூன்று நாட்கள் மிச்சம் வரும்.

செலவு விடயங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சார்க் நாட்டவர் என்ற முறையில் நேபாள விசா ஆண்டுக்கு முதல் முப்பது நாட்கள் இலவசம், தேசியப் பூங்கா அனுமதியிலும் மற்ற வெளிநாட்டவரை விடக் குறைந்த கட்டணம். கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டி நீங்களே கேட்க வேண்டும், சிலவேளை அவர்களாகச் சொல்வதில்லை. பணத்தை டொலராகக் கொண்டுபோங்கள். காப்புறுதியில்தான் மிகக் கவனம் வேண்டும். எனக்கு முதலில் தரப்பட்ட பத்திரத்தில் 3,000 மீற்றருக்கு மேல் எதுவும் செல்லாது என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. உங்கள் மிக உயர்ந்த இடத்தை விட மேலான எல்லை, ஹெலிகொப்டர் மீட்பு, மலை நோய் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தேவையில்லாமல் ஹெலிகொப்டரை அழைத்துக் காப்புறுதிப் பணம் பறிக்கும் மோசடியை 2018இல் நேபாள அரசே விசாரித்தது என்பதால், யார் எப்போது அதை அழைப்பது என்பதையும் முகவரிடம் முன்னரே பேசிவிடுங்கள்.

நாற்பத்திரண்டு கிலோமீற்றர்:

லாங்டாங் நல்ல யோசனை, ஆனால் அதுவும் தன்னாலேயே பாதுகாப்பானது அல்ல. வழக்கமான திட்டத்தில் இரண்டாம் நாள் லாமா ஹோட்டல் என்ற இடத்திலிருந்து நேரே லாங்டாங் கிராமத்துக்குப் போவார்கள். அது ஏறக்குறைய 2,450இலிருந்து 3,430க்கு ஒரே மூச்சில் ஏறுவது. இடையில் கோடா தபேலாவில், ஏறக்குறைய 3,000 மீற்றரில், ஓர் இரவு தங்குங்கள். பிறகு லாங்டாங், அடுத்த நாள் 3,870 மீற்றரிலுள்ள கியாஞ்சின் கொம்பா. அங்கே மூன்று இரவுகள் இருந்தால், ஒரு நாள் பக்கத்துக் குன்றுகளில் உடம்பைப் பழக்கிவிட்டு, மறுநாள் நீங்களும் மைத்துனரும் 5,000 மீற்றரை நெருங்கும் செர்கோ ரி ஏறலாம். அப்பா பாலாடைக்கட்டித் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டு கிராமத்திலேயே இருக்கலாம். அவருக்காக நீங்கள் அவசரப்படவும் வேண்டாம், உங்களுக்காக அவர் அவசரப்படவும் வேண்டாம். எவரெஸ்ட் வழியில் இந்த வசதி கிடையாது. ஒருவர் நின்றால் குழுவே பிரிய வேண்டும்.

அந்தப் பழைய லாங்டாங் கிராமம் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலிருந்து சரிந்த பனியாலும் பாறையாலும் ஏறக்குறைய முழுதாக மூடப்பட்டது. இப்போது நீங்கள் தங்கும் விடுதிகள் அதற்குச் சற்று மேலே புதிதாகக் கட்டியவை. அந்தக் கற்குவியலைக் கடக்கும்போது வழிகாட்டிகள் பேச்சைக் குறைப்பார்கள். நீங்களும் படமெடுக்க அவசரப்படாதீர்கள்.

கடலோரன்:

வீட்டில் இரண்டு நாட்கள் பேசினோம். இந்த இழை முழுவதையும் அப்பா தானே வாசித்தார். நான் வராவிட்டால் நீங்கள் மூவரும் எவரெஸ்ட் பக்கம் போவீர்களா என்று கேட்டார். மைத்துனர் ஆம் என்றார், நான் இல்லை என்றேன், நண்பர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் லாங்டாங் என்று முடிவாயிற்று. மைத்துனருக்கு முழுச் சம்மதம் என்று பொய் சொல்ல மாட்டேன். செர்கோ ரி ஏறுவதாக இருந்தால்தான் வருவேன் என்றார். ஏறுவோமா இல்லையா என்பதை அன்று காலை வழிகாட்டி தீர்மானிப்பார், அவர் சொல்வதற்கு மறுபேச்சு இல்லை என்று நால்வரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். ஏப்ரலில் மழை எப்படி? ஒக்டோபருக்குத் தள்ளிப் போடச் சிலர் சொல்கிறார்கள்.

அட்டன்காரன்:

ஏப்ரலில் பிற்பகல்களில் முகில் கூடும், சிறு மழையோ பனியோ விழலாம். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கிப் பகல் ஒன்று இரண்டுக்குள் விடுதி சேர்வதே வழக்கம். பதிலுக்கு லாலிகுராஸ் என்ற செம்பூ மரங்கள் பூத்துக் காடு முழுவதும் சிவந்திருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் நாம் பார்க்கும் மஹரத்மலின் உறவுதான் அது. ஒக்டோபரில் வானம் தெளிவு என்பது உண்மை, ஆனால் எங்கள் வங்காள விரிகுடாவை மறந்துவிடக்கூடாது. 2014 ஒக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாட்களில் நேபாளம் போய்ப் பனியாகக் கொட்டியது. தோரோங் லாவிலும் அதைச் சுற்றியும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று விடுதியிலேயே நின்றவர்கள் பிழைத்தார்கள். எந்த மாதம் போனாலும் கடலில் தாழமுக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மற்றது, நேபாளத்திலும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் புத்தாண்டு. பேருந்து ஆசனங்களை முன்னதாகவே பதிந்துவிடுங்கள்.

கடலோரன்:

மிக்க நன்றி. கடைசியாக, சப்பாத்து எங்கே வாங்குவது நல்லது? காத்மண்டுவில் மலிவு என்கிறார்கள்.

புறக்கோட்டை:

இறகு மேலங்கியையும் உறக்கப்பையையும் காத்மண்டு தமேலில் வாடகைக்கு எடுங்கள். கொழும்பில் அவற்றை வாங்கிப் பிறகு எங்கே போடப் போகிறீர்கள்? சப்பாத்தை மட்டும் இங்கேயே, இந்த மாதமே வாங்குங்கள். இரண்டு காலுறை போட்டுப் பார்த்து, இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்காத அளவாக எடுக்க வேண்டும். உங்கள் தொடர்மாடியில் மின்தூக்கியை மறந்துவிட்டு, எட்டுக் கிலோ பையுடன் வாரத்தில் நான்கு நாள் அந்தச் சப்பாத்தோடு ஏறி இறங்குங்கள். ஏறுவதை விட இறங்குவதை அதிகமாகப் பழகுங்கள், முழங்கால் நோவது அங்கேதான். சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் வரை இருப்பதால் பெப்ரவரியில் ஒருமுறை நால்வருமாக அதையும் ஏறிவிடலாம். கொப்புளம் வருவதாக இருந்தால் நல்லதண்ணியில் வரட்டும்.